ஏழாம் கட்டையில் பதினோரு நிமிடம்

தால்ச்சா அடிப்பிடித்ததில்தான் எல்லாம் வெளியே வந்தது.

புக்கிட் செலம்பாவ் பக்கத்துப் பழைய சாலையில் ஏழாம் கட்டை என்று ஒரு முச்சந்தி இருக்கிறது. ஒருபுறம் வரிசையாக நான்கு கடைகள், எதிர்ப்புறம் செம்பனைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளிருந்து வரும் பெரிய கால்வாய் சாலைக்கு அடியில் நுழைந்து, கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையை ஒட்டி ஓடி, கீழே வீடுகள் இருக்கும் பக்கம் போய்விடும். கடைசிக் கடை ஜைனலுடையது. காலையில் ரொட்டி சானாய், மதியம் சோறு, சாயங்காலம் மறுபடியும் ரொட்டி.

ஜைனலுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அவருடைய அத்தா இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து, சுங்கைப் பட்டாணியில் கோப்பை கழுவி, பிறகு இங்கே சொந்தமாகக் கடை போட்டவர். ஜைனல் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த மறுநாளே ரொட்டிக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். அதன் பிறகு நகரவே இல்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு தடவை கடைக்கு வந்தவரை மூன்றாம் தடவை எதுவும் கேட்க மாட்டார். அவருக்குச் சீனி குறைத்தா, கட்டிப் பால் அதிகமா, கோப்பி கறுப்பா என்று கை தானாகவே கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிடும். பத்து வருஷம் கழித்து வந்தாலும் அப்படித்தான். தோட்டத்து ஆட்கள் அதற்காகவே வருவார்கள்.

அந்த அக்டோபர் மாதத்துப் புதன்கிழமை மதியம் பெரிய மழை. மூன்று மணிவாக்கில் விட்டது. சாயங்கால ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அடுப்பில் கிடந்த தால்ச்சாப் பருப்புக் குழம்பு கரிந்து, சட்டியின் அடி கறுத்துப்போயிருந்தது. பின்பக்கம் தட்டு கழுவிக்கொண்டிருந்த இருளப்பன்மேல் ஜைனல் பாய்ந்தார். இருளப்பன் பதினாறு வருஷமாக அந்தக் கடையில் இருப்பவன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நான் அடுப்புப் பக்கமே வரல அண்ணே. நீங்கதான் பக்கத்துல நின்னு கிண்டிக்கிட்டிருந்தீங்க.”

“நான் நின்னா கரியுமாலா? எனக்குத் தெரியாதா?”

“அப்ப கேமராவப் பாருங்க. மேல சும்மாவா மாட்டி வச்சிருக்கீங்க?”

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தான். நான்காம் நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், அவனைத் தோற்கடித்துவிடலாம் என்று ஜைனல் கைப்பேசியில் அந்தப் புதன்கிழமையைத் தேடி எடுத்தார்.

கேமரா கடையின் உள்மூலையில் மேலே இருக்கிறது. அடுப்பு, நான்கு மேசை, பலகாரக் கண்ணாடிப் பெட்டி, வாசல், வாசலுக்கு அப்பால் கால்வாயும் முச்சந்தியும் அதில் தெரியும். சத்தம் பதியாது. மூன்று மணி ஏழு நிமிடம். ஜைனல் சட்டியைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். அகப்பை கையிலிருந்து நழுவி விழுகிறது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. அடுப்பை விட்டுத் திரும்பி, மேசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து, வாசலைத் தாண்டி, கால்வாயின் ஓரத்துக்குப் போய், தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறார். அப்படியே நிற்கிறார். கையாட்டவில்லை, கால் மாற்றவில்லை. உதடுகள் மட்டும் அசைகின்றன. மூன்று மணி பதினெட்டு நிமிடம் ஆனதும் திரும்பி வந்து, அகப்பையை எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு, புகைந்துகொண்டிருக்கும் சட்டியைக் கிண்டத் தொடங்குகிறார். பிறகு சட்டென்று மூக்கைச் சுளித்து, பின்பக்கம் பார்த்து வாயைத் திறந்து கத்துகிறார். இருளப்பனைத் திட்டியது அவருக்கு நினைவிருந்தது. அதற்கு முந்தைய பதினோரு நிமிடத்தில் ஒரு துளிகூட நினைவில்லை.

ஜைனல் ஆயத்துல் குர்ஸியை ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டார். மறுபடி பார்த்தார். தன் முதுகை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே கிடையாது. யாரோ ஒருவர் தன்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு தன் கடையிலிருந்து வெளியே போவதுபோல் இருந்தது.

இருளப்பன் வந்ததும், “என் தப்புதான்பா” என்றார். அவன் ஜெயித்ததில் சந்தோஷப்படவில்லை. அண்ணன் தப்பை ஒப்புக்கொண்டதில் பயந்துபோனவன் மாதிரி உள்ளே போனான்.

ஜைனலுக்குத் தோன்றிய முதல் நினைப்பு ஜின் அல்ல, அத்தாதான். கடைசி இரண்டு வருஷம் அத்தாவுக்கு மறதி வந்து, பெற்ற பிள்ளையின் முகமே தெரியாமல் போய்விட்டது. அதே இழவு தனக்கும் தொடங்கிவிட்டது என்று ஜைனல் முடிவுகட்டினார். மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை, போனால் உறுதியாகிவிடுமே. அதற்குப் பதிலாக இடது முன்கையில் பேனாவால் மணி எழுதத் தொடங்கினார். இரண்டு, இரண்டு கால், இரண்டரை. கால்மணி நேரத்துக்கு ஒரு கோடு. கோடு விட்டுப்போனால் காணாமல் போனோம் என்று அர்த்தம். தினமும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் முந்தைய நாளை முழுக்க ஓட்டிப் பார்ப்பார்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. பதின்மூன்றாம் நாள் மழை பெய்தது. மறுநாள் காலை கைப்பேசியில் தன்னைப் பார்த்தார். இந்தத் தடவை எட்டு நிமிடம். ஆனால் ஆறாவது நிமிடத்தில், கால்வாயின் ஓரத்தில் நின்ற அந்த ஜைனல் வலது காலைத் தூக்கி, படி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவர்போல வெறும் காற்றில் நீட்டினார். கால்வாய் ஆளுயரத்துக்கு மேல் ஆழம். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரைதொட்டு ஓடியது. நீட்டிய கால் அப்படியே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பின்னால் வந்துவிட்டது.

அன்றைக்கே நான்கு பெஞ்சையும் காலி எரிவாயுத் தோம்புகளையும் இழுத்துப்போட்டு வாசலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு தடுப்புக் கட்டினார். வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கேட்டவர்களிடம் குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்றார்.

அந்தத் தடுப்பைத்தான் மெஹருன்னிசா முதலில் பார்த்தாள். ஜைனலின் அக்கா மகள். சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கப் போகிறவர்களைப் பயிற்றுவிப்பவள். வாரம் ஒருமுறை மாமா கடையில் ரொட்டி தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

“என்ன மாமா, யாரு வர்றாங்கன்னு கோட்டை கட்டி வச்சிருக்கீங்க?” என்று சிரித்தபடி உட்கார்ந்தவள், அவர் தண்ணீர் வைத்தபோது முன்கையைப் பார்த்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மணிக்கணக்கு. “இது என்ன?”

“ஒண்ணுமில்லலா.”

“மாமா.”

சின்ன வயதில் தன் தோளில் ஏறி நின்று பலகாரப் பெட்டியில் கைவிட்ட பெண்ணிடம் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. கைப்பேசியை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, தான் பார்க்கப் பிடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவை நடுவில் நிறுத்தினாள்.

“மாமா, நீங்க உங்களை மட்டும்தான் பாத்தீங்களா?”

“வேற யாரைப் பாக்குறது?”

“இங்க உக்காந்திருக்கிறவங்களைப் பாருங்க.”

பார்த்தார். இரண்டாம் மேசையில் பக்கத்து மளிகைக் கடை அழகம்மா உட்கார்ந்திருந்தார். தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா படத்தை வேகமாக ஓட்டினாள். அழகம்மா கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். மூன்று ஏழு முதல் மூன்று பதினெட்டு வரை, கண் ஒரே இடத்தில் குத்திட்டிருக்க, கை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனது. மூன்றாம் மேசையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டித் துண்டு வாய்க்கு முன்னால் நின்றது. மற்றவன் மழைக்கோட்டைப் பாதி கழற்றியபடி, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக இருந்தான். மூன்று பதினெட்டுக்கு ரொட்டி வாய்க்குள் போனது, கோட்டு கழன்றது, அழகம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். தேநீர் ஆறியிருக்கும். ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. எதுவும் நடக்காததுபோல் கடை மறுபடி ஓடத் தொடங்கியது.

ஜைனல் நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கு மறதி நோய் இல்லை என்ற நிம்மதி வரவில்லை. அதைவிடப் பெரியதாக ஏதோ ஒன்று கடைக்குள் வந்து போயிருக்கிறது. வந்ததை யாரும் பார்க்கவில்லை.

“இதை என் வகுப்புல காட்டட்டுமா?” என்றாள் மெஹருன்னிசா.

“சந்தி சிரிக்கவா? பேய்க் கடைன்னு பேரெடுக்கவா?”

“கடை பேர் சொல்ல மாட்டேன். மாமா, நான் ஒரு பாடம் நடத்துறேன். அறிவியலால ஒரு ஊருக்குப் பிரச்சினை வந்தா, அந்த ஊரு பள்ளிக்கூட வாத்தியார் என்ன செய்யணும், எப்படி இறங்கணும், அதுதான் பாடம். நான் காட்டுற காணொளியெல்லாம் வெளிநாட்டு ஆறு, வெளிநாட்டு மீனு. பிள்ளைங்க பாத்துட்டு, ஐயோ பாவம்னு எழுதிக் குடுத்துட்டு கேண்டீனுக்குப் போயிடுறாங்க.”

“நான் பின்னால உக்காந்துக்குவேன். வேணாம்னா நிறுத்தச் சொல்லுவேன்.”

“சரி மாமா.”

கல்லூரியில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஜைனல் கடைசி வரிசையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெஹருன்னிசா முன்னுரை எதுவும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். பெரிய திரையில் தன் முதுகு நடந்து போனதை அவர் குனிந்த தலையோடு உணர்ந்தார்.

“என்ன பாத்தீங்க?”

யாரோ ஒருத்தன், “ஒரு அங்கள் சட்டியைக் கருக விட்டுட்டாரு” என்றான். சிரிப்பு எழுந்தது. அவள் மறுபடி ஓட்டினாள். இரண்டாம் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாம் தடவைக்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்தாள். ஒருவர் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். கலக்கும் கை. ரொட்டிக்காரன். நீர்மட்டம். சாலை. கண்ணாடிப் பெட்டி.

ஷீலா என்ற பெண்ணின் பங்குக்குக் கடைப் பூனை வந்தது. “டீச்சர், பூனை மூணு அஞ்சுக்கே எந்திரிச்சிடுச்சு. வாசல் பக்கம் போகல. அலமாரி மேல ஏறி, அங்கிருந்து கூரைக்கடியில போயிடுச்சு. அது எதையோ மோந்துட்டு மேல போயிருக்கு. கீழ இருந்தவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.”

புவனேசன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தவன். அதில் முச்சந்தியும் தோட்டத்துச் சாலையும் சாய்ந்த பிம்பமாகத் தெரியும். “மழை கொட்டுறப்ப, ரெண்டு அம்பத்தொண்ணுக்கு, தண்ணி வண்டி மாதிரி ஒரு தாங்கி லோரி தோட்டத்துக்குள்ள போகுது டீச்சர். மூணு மணிக்கு வெளிய வருது. நம்பர் தெரியல.”

சாலையைப் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி கையை உயர்த்தி, படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஓரத்தைப் பெரிதாக்கச் சொன்னாள்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று முச்சந்தியின் நட்டநடுவில் நின்றது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள். ஒன்பது முகங்கள். பிள்ளைகள் நிறைந்த வேன் ஒன்று மதியம் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த முகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. ஆறு நிமிடம். எதிரே கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்த உயரமான மரலோரி ஒன்று வேனின் ஓரத்தை உரசாமல் ஒதுங்கி, விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனது. ஒரு முகமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜைனல் எழுந்து நின்றுவிட்டார். அந்த வேனை அவருக்குத் தெரியும். பக்கிரிசாமியின் வேன். தினமும் அதில் போகும் பிள்ளைகளுக்கு யாருக்கு மைலோ, யாருக்குச் சிராப் சர்பத் என்று தெரியும்.

அறையில் விளக்கைப் போட்டார்கள். ஷீலாதான் முதலில் கேட்டாள். “டீச்சர், இதுக்கு மேல இந்தப் பாடம் எப்படி? கட்டுரை எழுதவா?”

“நீங்க சொல்லுங்க.”

“அந்த ஊருக்குப் போகணும்.”

அப்போது மெஹருன்னிசா பின்வரிசையைக் கைகாட்டினாள். “அது எங்க மாமா கடை. அவருகிட்ட அனுமதி கேளுங்க.” இருபத்திரண்டு தலைகள் திரும்பின. ஜைனல் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “வாங்க” என்று மட்டும் சொன்னார்.

மழை இல்லாத சனிக்கிழமைகளாகப் பார்த்து வந்தார்கள். மேகம் கூடினால் ஒருவரும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது என்பது மெஹருன்னிசா போட்ட கட்டளை. கால்வாயை ஒட்டி நாற்பத்தொரு வீடு. ஒரே ஒரு கேள்விதான்: மழை விட்ட பிறகு, உங்களுக்குத் தெரியாமல் நேரம் போயிருக்கிறதா?

முதல் நாள் எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மறுவாரம் ஜைனல் தானே கூடப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “எனக்குப் போயிருக்கு. பதினோரு நிமிஷம்” என்றார். அதன் பிறகுதான் வாய் திறந்தார்கள்.

அழகம்மா கழுத்தில் கட்டியிருந்த மந்திரித்த கயிற்றை எடுத்துக் காட்டினார். “ஆறு மாசமா தம்பி. குளிக்கப் போனா, தண்ணி வாளி நிறைஞ்சு வழிஞ்சு வீடெல்லாம் ஓடிக்கிட்டிருக்கும். நான் பக்கத்துலேயே நிப்பேன். புருஷன் போனதுல மனசு கலங்கிடுச்சுன்னு நெனச்சேன்.” பின்பக்கம் தட்டோடு நின்று நின்று தன் கை ஊறிப்போயிருக்கிறது என்று இருளப்பன் ஒப்புக்கொண்டான். மேட்டுக் கோயிலில் இருக்கும் முனீஸ்வரன் அந்த நேரம் கால்வாய் வழியாக நடப்பார், குறுக்கே நின்றவனை அடித்துப்போடுவார் என்று நினைத்து யாருக்கும் தெரியாமல் சுருட்டும் கோழியும் வைத்துக்கொண்டிருந்தான். பக்கிரிசாமி கடைசிவரை மறுத்தார். ஷீலா வேன் நிற்கும் படத்தைக் காட்டியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பிள்ளைங்க அம்மாங்க லேட்டு லேட்டுன்னு ஏசுனாங்க. நான் நிக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணேன்மா. குடிச்சிருக்கேன்னு சொன்னாங்க. நான் தொட்டதே இல்ல. பிரேக்குல கால் இல்லாம இருந்திருந்தா?”

நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று வீடு. ஒவ்வொருவரும் அதைத் தன்னுடைய நோய், தன்னுடைய பாவம், தன் குடும்பத்துச் சாபம் என்று மடியில் கட்டி ஒளித்து வைத்திருந்தார்கள். மாணவர்கள் பெரிய மணிலா அட்டையில் வீடுகளை வரைந்து புள்ளி வைத்தபோது, புள்ளிகள் கால்வாயை விட்டு எங்கேயும் விலகிப் போகவில்லை. அட்டையையும் காணொளியையும் எடுத்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போனார்கள். சுல்கிப்லி என்ற அதிகாரி வேன் வரும் இடத்தை நான்கு தடவை பார்த்தார். அவருக்கும் அந்த வயதில் பிள்ளை இருந்தது. யாரோ இரசாயனக் கழிவை மழையோடு மழையாகக் கால்வாயில் கொட்டுகிறார்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுவதால் காய்ந்த நாளில் எடுத்த தண்ணீரில் ஒன்றும் அகப்படாது என்று மலாயில் விளக்கினார். கொட்டும்போதே பிடிக்க வேண்டும். தோட்டத்துச் சாலை தொடங்கும் இடத்தில் இரண்டு கேமரா வைத்தார்கள். அவற்றின் படம் அவருடைய கைப்பேசிக்கும் ஜைனலின் கைப்பேசிக்கும் போகும்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் வானம் இருண்டது. பள்ளித் தலைமையாசிரியை வேன் பிள்ளைகளை அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஜைனல் அடுப்பை அணைத்தார். கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் குடையோடு கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். மழை விட்டபோது அங்கே அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். லோரி உள்ளே போனதும் வந்ததும் பதிவாகிவிட்டது. சுல்கிப்லியின் ஆட்கள் பெரிய சாலையில் மடக்கப் போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. இனி நேரம் போக வேண்டியதுதான்.

ஜைனல் கைப்பேசியில் தன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருளப்பனும் அழகம்மாவும் பக்கிரிசாமியும் தோளோடு தோள் நெருங்கிப் பார்த்தார்கள். காலி நாற்காலிகள். காலி முச்சந்தி. கால்வாயின்மேல் காற்று மட்டும் தார்ச்சாலையின் கானல்போல நெளிந்தது. ஒரு காகம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது; பிறகு அசையவில்லை. தாங்கள் இல்லாதபோதும் முன்பு கடைக்குள் வந்துபோன அந்த ஏதோ ஒன்று நேரத்துக்கு வந்து அங்கே காத்திருந்ததுபோல் தோன்றியது.

அப்போது சுங்கைப் பட்டாணிப் பக்கமிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. யாரோ வெளியூர்க்காரன், முதுகில் உணவு கொண்டுபோகும் பை. முச்சந்தியில் வேகம் குறைந்தது. இறங்கினான். வண்டி சாய்ந்து விழுந்தது, அவன் திரும்பவில்லை. ஜைனல் கட்டிய தடுப்பின் இடைவெளியில் நுழைந்து கால்வாய் ஓரத்தில் போய் நின்று தலையைக் கவிழ்த்தான்.

“யா அல்லாஹ்” என்றார் ஜைனல்.

அவனுடைய வலது கால் மேலே எழுந்தது.

பக்கிரிசாமி சாவியோடு ஓடிக்கொண்டிருந்தார். ஜைனலும் வேனில் ஏறினார். ஜன்னல்களை ஏற்றி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. “மூச்சை அடக்கிக்குங்க பாய்” என்று பக்கிரிசாமி கத்த, ஜைனல் கதவைத் திறந்து பாய்ந்து அவனுடைய பையைப் பின்னாலிருந்து பற்றினார். அந்த ஒரு நொடியில்தான் அவர் அதைக் கேட்டார். கேமராவில் பதியாத சத்தத்தை. அந்த இளைஞன் கால்வாய்க்குள் பார்த்து, வீட்டில் அம்மா கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல், அலுப்பே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்: “யா… யா… செகெஜாப்… நான் வாரேன்.”

மலாயும் தமிழும் கலந்த குரல். ஆமாம், ஆமாம், கொஞ்சம் இரு, வருகிறேன்.

இழுத்து வேனுக்குள் போட்டு மேட்டுக்கு ஏறும்போது, பாதி வழியில் அவன் கண்ணைச் சிமிட்டினான். “அண்ணே, ஏன் என்னைப் புடிச்சிருக்கீங்க? என் மோட்டர் எங்க?” ஜைனலுக்கும் தலை சுற்றியது. ஆனால் அந்த நிமிடங்கள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றும் இருந்தது.

லோரி பிடிபட்டது. கழிவு ஏற்றிச் செல்லும் ஒரு சிறு நிறுவனம், ஒழுங்காக அழிக்கும் செலவை மிச்சம்பிடிக்க எட்டு மாதமாக இப்படிச் செய்திருந்தது தெரியவந்தது. வழக்கு நடந்து முதலாளிக்குத் தண்டனையும் கிடைத்தது. பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் சில மாதம் தலைவலி இருந்து போனது. ஜைனலைப் பார்த்த டாக்டர், அந்தக் கழிவின் ஆவி மூளையை மயக்கிவிடும், ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார், ஆனால் எதுவும் பதியாது என்றார். தானும் அந்த மோட்டார்சைக்கிள்காரனும் ஏன் கால்வாய்ப் பக்கமே போக வேண்டும் என்று ஜைனல் கேட்டார். டாக்டர், அது தெரியவில்லை என்றார். கால்வாய் ஓரத்தில் உதடசைத்து யாருக்குப் பதில் சொன்னோம் என்று ஜைனல் கேட்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் புதிய பயிற்சி ஆசிரியர்கள் வரும்போது மெஹருன்னிசா அந்தக் காணொளியைக் காட்டுகிறாள். ஜைனல் போய்ப் பின்வரிசையில் உட்காருகிறார். சிலருக்கு வேனைக் கண்டுபிடிக்க நான்கு தடவை ஆகிறது. ஒரு வருஷம் ஒருத்தி முதல் தடவையே கண்டுபிடித்து அழுதுவிட்டாள். “நீங்க அங்க நின்னு என்ன பேசுனீங்க அங்கள்?” என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். “தெரியலப்பா” என்பார். அது உண்மைதான். ஷீலா இப்போது கூலிம் ஊரில் ஆசிரியை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வாரம் ஒருமுறை பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் படம் எடுக்க வைக்கிறாள். எதுவும் இல்லாத ஓடைதான். பிள்ளைகள் பார்த்துப் பழகட்டும் என்கிறாள்.

ஏழாம் கட்டையில் இன்றைக்கும் மழை பெய்கிறது. லோரி வருவதில்லை. இருந்தாலும் மழை விட்டதும் ஒன்று நடக்கும். புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டு என்னவோ என்று திகைப்பார்கள். முதலில் பின்பக்கமிருந்து இருளப்பன், “ஜைனல் அண்ணே!” என்று கூப்பிடுவான். “இருக்கேன்லா!” என்று இவர் குரல் கொடுத்துவிட்டு, “அழகம்மாக்கா!” என்பார். “இருக்கேன் தம்பி!” அங்கிருந்து அடுத்த கடை, அடுத்த வீடு என்று பெயர்கள் கால்வாயின் ஓரமாகவே இறங்கிப் போகும். முச்சந்தியைத் தாண்டும் வேன் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். உள்ளேயிருந்து பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள்.

போன மாதம் ஒருநாள் அழகம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. ஜைனல் மறுபடி கூப்பிட்டார். இல்லை. மாவுக் கையோடு ஓடினார். இருளப்பனும் ஓடினான். அழகம்மா கல்லாவுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா!”

நிமிர்ந்தார். காதில் கைப்பேசி. “பேத்திகிட்ட பேசிக்கிட்டிருக்கேன் தம்பி. ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க ரெண்டு பேரும்?”

ஜைனல் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு, “பேசுங்கக்கா, பேசுங்க” என்று சொல்லிவிட்டு, கீழ்ப்பக்கத்து வீடுகள் இன்னும் காத்திருப்பது நினைவுக்கு வர, அங்கிருந்தே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.